பின்கட்டு வழியாக ட்ரொண்ட்ஹைம்

ட்ரொண்ட்ஹைமில் இருக்கும் நிடாரோஸ், நார்வேயின் தேசியப் பேராலயம். அதன் வடமேற்குக் கோபுர உச்சியில் அதிதூதர் மிக்கேல் நிற்கிறார். கீழே முற்றத்தில் நிற்பவர்களுக்கு இறக்கை தெரியும், முகம் தெரியாது. கையில் தூரநோக்கி இருந்தால் அந்த முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்களேன். எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? ஒரு கிட்டாரையும் மவுத் ஆர்கனையும் மனதுக்குள்ளேயே மாட்டிப் பாருங்கள். அதேதான்! சாட்சாத் பாப் டிலன்!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1960களின் கடைசியில் இந்தச் சிலையைச் செய்தவர் கிறிஸ்டோஃபர் லேய்ர்டால் என்ற சிற்பி. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. தீமையோடு மல்லுக்கு நிற்கும் தேவதூதருக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, போருக்கு எதிரான குரலாக அவர் கண்ட பாடகரின் முகத்தையே வைத்துவிட்டார். சத்தம் போடாமல் உச்சியிலும் ஏற்றியாயிற்று. ரகசியம் பல ஆண்டுகள் கழித்துத்தான் கீழே இறங்கியது.

ட்ரொண்ட்ஹைம் இந்த மாதிரி ஊர்தான். முன்வாசலில் நின்றால் ஆயிரம் ஆண்டுப் பழமை அமைதியாகப் புன்னகைக்கும். பின்கட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தால் உளிச் சத்தம், எலும்புக்கூடு, எரிந்த மரவாடை, ஒரு விதவையின் ஜம்பம், நாஜிகளின் கான்கிரீட் என்று ஒரே களேபரம். ஆகவே இன்று முன்வாசல் நமக்கு வேண்டாம். வாருங்கள், பின்பக்கமாக நுழைவோம்!

ஆறு போட்ட வளையம்

முதலில் ஊரின் இருப்பைப் பார்த்துவிடுவோம். செல்பு ஏரியிலிருந்து புறப்படும் நிடெல்வா ஆறு, கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் திடீரென்று மனம் மாறி ஒரு பெரிய வளைவு போடுகிறது. அந்த வளைவுக்குள் அடங்கிய தீபகற்பம்தான் பழைய நகரம். மூன்று பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மட்டும் குறுகிய நிலம். கோட்டை கட்டாமலேயே பாதி கோட்டை!

கண்ணில் பட்ட நிலத்தை விடுவாரா அரசர்? 997-இல் ஓலாவ் டிரிக்வாசன் இங்கே நகரத்தை நிறுவியதாக மரபு. நடுச் சதுக்கத்தில் உயரமான தூண் மேல் அவர்தான் நிற்கிறார். அந்தத் தூணின் நிழல் தரையில் மணி காட்டும். சதுக்கம் முழுவதுமே ஒரு சூரியக் கடிகாரம். வெயில் இருந்தால் அரசர் மணி சொல்வார். நார்வேயின் வானிலையை யோசித்தால், அரசருக்குப் பல நாள் விடுமுறைதான்.

ஆனால் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் இன்னொரு ஓலாவ். ஓலாவ் ஹரால்ட்சன் என்ற அரசர் 1030-இல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் கொல்லப்பட்டார். உடலை ரகசியமாகக் கொண்டுவந்து இந்த ஆற்றங்கரை மணலில் புதைத்தார்கள். ஓராண்டு கழித்துத் தோண்டினால், தலைமுடியும் நகமும் வளர்ந்திருந்தனவாம்! சாகாக்கள் எனப்படும் பழைய வடநாட்டுக் கதைகள் அப்படித்தான் சொல்கின்றன. ஆயர் கிரிம்கெல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அவ்வளவுதான், ஐரோப்பாவின் வடக்கு முழுவதும் இந்தக் கரையை நோக்கி நடக்கத் தொடங்கியது. 1152-53இல் பேராயர் பீடமே வந்து சேர்ந்தது. ஐஸ்லாந்தும் கிரீன்லாந்தும்கூட இந்தச் சின்ன ஊருக்குக் கட்டுப்பட்டவை ஆயின. பீடத்தை நிறுவ ரோமிலிருந்து வந்த தூதர் நிக்கோலஸ் பிரேக்ஸ்பியர், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தாமே போப்பாண்டவர் ஆகிவிட்டார். ஊரின் ராசி என்று யாராவது சொல்லியிருப்பார்கள்!

உளிச் சத்தம் கேட்கிறதா?

சரி, பேராலயத்துக்கு வருவோம். முன்பக்கம் மேற்கு முகப்பு: வரிசை வரிசையாகப் புனிதர்கள், அரசர்கள், தீர்க்கதரிசிகள், நடுவில் வண்ணக் கண்ணாடி பதித்த வட்டச் சாளரம். படம் எடுக்கும் ஒவ்வொருவரும் "அடேயப்பா, இடைக்காலக் கலை!" என்று உருகுவார்கள்.

காதைக் கொடுங்கள், ஒரு சேதி. நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டு!

இந்த முகப்புக்கு அடிக்கல் விழுந்தது 1248-இல் என்பது உண்மைதான். பிறகு நடந்ததுதான் கதை. 1328-இல் தீ. 1432-இல் தீ. 1531-இல் மறுபடியும் தீ. 1537-இல் மதச் சீர்திருத்தம் வந்தது. கடைசிப் பேராயர் ஓலாவ் எங்கெல்பிரெக்ட்சன் கப்பல் ஏறித் தப்பினார். புனித ஓலாவின் வெள்ளிப் பேழை டென்மார்க்குக்குப் போய் உருக்கப்பட்டது. யாத்திரிகர்களும் இல்லை, காசும் இல்லை. மேற்குப் பாதி கூரையில்லாத இடிபாடாக நின்றது. அது போதாதென்று 1708-இல் ஒரு தீ, 1719-இல் இன்னொன்று. 1869-இல் மறுசீரமைப்பு தொடங்கியபோது, முகப்பு என்று மிச்சமிருந்தது கீழ்ப்பகுதி மட்டுமே. பழைய சிலைகளில் தப்பியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவை இப்போது பக்கத்து அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அப்படியானால் மேலே என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? 1661-இல் யாக்கோப் மாஸ்கியுஸ் என்பவர் செதுக்கிய ஒரு செப்புத்தகட்டுப் படம் கொஞ்சம் துப்புக் கொடுத்தது. மீதியைக் கட்டடக் கலைஞர்கள் தங்களுக்குள் சண்டை போட்டே கண்டுபிடித்தார்கள். கிறிஸ்டியான் கிறிஸ்டி, ஓலாஃப் நூர்ட்ஹாகன், ஹெல்கே தீஸ் என்று தலைமைகள் மாறின, வரைபடங்களும் மாறின. "மறுசீரமைப்பு முடிந்தது" என்று அதிகாரபூர்வமாகச் சொன்ன ஆண்டு 2001. நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள்!

ஆனால் பின்கட்டில் யாரும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. பேராலயத்துக்கென்றே ஒரு பட்டறை இயங்குகிறது. கல்தச்சர், சிற்பி, கொல்லர், தச்சர், வண்ணக் கண்ணாடி செய்பவர் எல்லாரும் ஒரே நிறுவனத்தில். ஒரு சிற்பம் பிறக்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் களிமண்ணில் உருவம். அதிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு. வார்ப்பின் மேல் புள்ளிகள் குறித்து, ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் அளந்து கல்லுக்கு மாற்றுவார்கள். பிறகுதான் உளி. வேலை முடிந்ததும் வார்ப்பைத் தூக்கிப் போடுவதில்லை. அலமாரி அலமாரியாகத் தலைகள், கைகள், அசட்டுச் சிரிப்புச் சிரிக்கும் பூதங்கள்! நாளை மழையும் பனியும் ஒரு மூக்கைத் தின்றுவிட்டால், மூக்கின் மூலப்பிரதி இங்கே தயார்.

கல் எது தெரியுமா? மாக்கல். நம் பாட்டிமார் வற்றல்குழம்பு வைத்த கல்சட்டியின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்! மிருதுவானது, உளிக்கு வளைந்து கொடுக்கும். இலை நரம்பையும் கண் இமையையும்கூட அதில் எடுக்கலாம். சுவரில் கொஞ்ச நேரம் விரலை ஓட்டினால் இடைக்காலக் கல்தச்சர்கள் தங்கள் வேலைக்கு அடையாளமாகக் கீறிவைத்த குறிகள் தட்டுப்படும். அம்பு, சிலுவை, நட்சத்திரம் என்று ஆயிரக்கணக்கில். ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது, கையெழுத்து மட்டும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. முந்தைய மறுசீரமைப்பில் நவீனம் என்று நம்பி சிமெண்ட் சாந்தைப் பூசினார்கள். மிருதுவான கல்லோடு அந்த முரட்டு சிமெண்ட் ஒத்துப்போகவில்லை. ஈரத்தை வெளியே விடாமல் கல்லையே பதம் பார்த்தது. இப்போது பட்டறையினர் திரும்பியிருப்பது இடைக்காலத்துச் சுண்ணாம்புச் சாந்துக்கு. பழைய வேலையைப் பழுது பார்ப்பதைவிட, பழுது பார்த்த வேலையைப் பழுது பார்ப்பது பெரும்பாடு! இந்தப் பட்டறை மரபை ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாட்டுப் பேராலயப் பட்டறைகளோடு சேர்த்து 2020-இல் யுனெஸ்கோ நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது. கவனியுங்கள், பட்டியலில் ஏறியது கட்டடம் இல்லை, கைவேலை.

உள்ளே போனால் மட்டும் நிஜமான பழமை கண்ணைச் சிமிட்டும். கிழக்குக் கோடியில் எண்கோண மண்டபம். புனிதரின் பேழை இருந்த இடத்தைச் சுற்றி எழுந்தது. பேராயர் ஐஸ்டைன் அரசரோடு மோதி 1180 முதல் மூன்று ஆண்டுகள் இங்கிலாந்தில் அஞ்ஞாதவாசம் இருந்தார். திரும்பி வரும்போது கோதிக் பாணி மீது காதலோடு வந்தார். நாடுகடத்தலால் ஒரு கட்டடத்துக்கு இவ்வளவு லாபமா! அந்த மண்டபத்தைச் சுற்றிவரும் பாதையின் சுவரில் ஒரு கிணறும் உண்டு. புனிதரின் ஊற்று என்று யாத்திரிகர்கள் தேடி வந்த கிணறு.

கொல்லைப்புறத்தில் நாணயச்சாலை

பேராலயத்தை ஒட்டியே பேராயர் மாளிகை. 1983-இல் அதன் ஒரு பகுதி எரிந்துபோனது. ஐயோ என்று தலையில் கை வைத்தவர்கள், 1990களில் சாம்பலுக்கு அடியில் தோண்டியபோது வாயைப் பிளந்தார்கள். பேராயர்கள் சொந்தமாகக் காசு அடித்த நாணயச்சாலை! ஜெபம் ஒரு கட்டில், காசு இன்னொரு கட்டில். அந்த இடத்தை அப்படியே அருங்காட்சியகத்துக்குள் வைத்துக் காட்டுகிறார்கள்.

இதே வளாகத்தில் 1818-இல் செய்த நார்வே அரச மகுடமும் இருக்கிறது. அதைக் கடைசியாகத் தலையில் சூடியவர் 1906-இல் ஏழாம் ஹோகோன். 1908-இல் முடிசூட்டும் விதியையே எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த அரசர்கள் பேராலயத்தில் ஆசி பெற வருவார்கள். மகுடம் தலையில் ஏறாது.

தீ வரைந்த வரைபடம்

மாளிகையை விட்டு வெளியே வாருங்கள். இவ்வளவு பழைய ஊருக்கு இவ்வளவு அகலமான தெருக்களா? முங்கேகாத்தா தெருவில் நின்றால் ஒரு பக்கம் பேராலயம், மறு பக்கம் கடலுக்குள் முங்க்ஹோல்மன் தீவு, நடுவில் நேர்க்கோடு. யாரோ அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள்!

வைத்தவர் யோஹான் காஸ்பர் டி சிசிக்னான். லக்சம்பர்க்கில் பிறந்த படைத்தளபதி. 1681 ஏப்ரலில் பிடித்த பெருந்தீயில் மரவீடுகளாலான ஊர் ஏறக்குறைய முழுவதும் சாம்பல். சிசிக்னான் புதுத் திட்டம் போட்டார். ஒரு தெருவில் பிடித்த தீ மறு தெருவுக்குத் தாண்டக்கூடாது, ஆகவே தெருக்கள் அகலம். அதோடு பார்வைக்குக் கம்பீரம், பீரங்கிக்கும் வசதி. ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

ஆனால் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அகலத் தெருக்களுக்குப் பின்னால் தங்கள் பழைய சந்துகளைச் சத்தமில்லாமல் காப்பாற்றிக்கொண்டார்கள். இந்தச் சந்துகளுக்கு 'வைட்' என்று பெயர். தளபதியின் தெருவில் ராணுவ அணிவகுப்பு. இடைக்காலச் சந்தில் அடுத்த வீட்டுக்காரரோடு அரட்டை.

அந்த முங்க்ஹோல்மனுக்கும் ஒரு பின்கதை உண்டு. முதலில் துறவிகளின் மடம், பிறகு கோட்டை, சிறை. ஊர் எரிந்த ஆண்டில் அங்கே அடைபட்டிருந்தவர் கிரிஃபென்ஃபெல்ட். டென்மார்க்கின் அதிகாரம் மிக்க அமைச்சராக இருந்து கவிழ்ந்தவர். 1680 முதல் பதினெட்டு ஆண்டுகள் அந்தத் தீவில். இப்போது கோடையில் ஊரே படகேறி அங்கே குளிக்கப் போகிறது!

மூன்று பக்கம் தண்ணீர், நான்காவது பக்கம் வியாபாரம்

பழைய நகரப் பாலத்துக்கு வந்துவிட்டோம். பாலத்தையும் 1681-இல் முதலில் போட்டவர் அதே சிசிக்னான்தான். மலைமேல் புதிதாகக் கட்டிய கிறிஸ்டியான்ஸ்டென் கோட்டைக்குப் போய்வர வழி வேண்டுமே! 1718-இல் சுவீடன் படை வந்தபோது அந்தக் கோட்டை ஊரைக் காப்பாற்றியது. இப்போதுள்ள சிவப்பு வளைவுகள் கொண்ட பாலம் 1861-இல் வந்தது. காதல் ஜோடிகள் அந்த வளைவுக்கு அடியில் படம் எடுக்க வரிசையில் நிற்பார்கள். நாம் வரிசையை விட்டு விலகி, கைப்பிடி வழியாகக் கீழே எட்டிப் பார்ப்போம்.

ஆற்றின் இரு கரையிலும் சிவப்பு, காவி, மஞ்சள், பச்சையில் மரப் பண்டகசாலைகள். அஞ்சலட்டைக்கென்றே பிறந்த காட்சி! உண்மையில் இது வியாபாரிகளின் கொல்லைப்புறம். தெருப்பக்கம் வாசல், ஆற்றுப்பக்கம் கப்பல். மீனும் தானியமும் தோணியிலிருந்து கப்பி வழியாக நேரே மாடிக்கு ஏறும். முகப்புச் சிகரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரம் அந்தக் கப்பிக்கானது. பண்டகசாலைகளும் எரிந்திருக்கின்றன, 1841-42 தீவிபத்துகளுக்குப் பிறகு எழுந்தவை பல.

இவற்றின் உயிர் கீழே இருக்கிறது. ஆற்றுப்படுகையில் அடித்த மரக்கால்கள்! எப்போதும் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மரம் எளிதில் அழுகாது. எப்போதும் உலர்ந்திருக்கும் மரமும் நிற்கும். ஆபத்து நடுவில்தான். கடலின் ஏற்ற இறக்கம் இங்கேயும் எட்டுவதால், ஒரு நாளில் நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காயும் அந்தப் பட்டை மட்டும் மெல்ல இற்றுப்போகும். ஆகவே பார்ப்பவர் கண் வண்ணப்பூச்சில் இருக்க, வீட்டுக்காரர் கவலை முழுவதும் காலில் இருக்கும்.

வங்கிக்கு அடியில் கோயில்

இனி தரைக்குக் கீழே. சோந்திரே காத்தா தெருவில் ஒரு வங்கியின் அடித்தளத்தில் இடைக்கால ஆலயத்தின் இடிபாடு இருக்கிறது. மேலே கடன், கீழே கல்லறை. பக்கத்தில் நகரப் பொது நூலகம். 1988-இல் எழுந்த அந்தக் கட்டடத்துக்குள் ஓலாவ் ஆலயத்தின் இடிபாடும், அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களின் எலும்புக்கூடுகளும் பார்வைக்கு உண்டு. "அமைதி காக்கவும்" என்ற பலகையை இவர்கள் அளவுக்கு மதிக்கும் நூலக உறுப்பினர்கள் உலகத்தில் இல்லை!

பெரிய வேட்டை 2016-இல். அதே தெருவில் அலுவலகம் கட்ட மண்ணைத் தோண்டினார்கள். தென்பட்டது மரத்தாலான ஒரு பழைய ஆலயத்தின் கல் அடித்தளம். அகழாய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: 11ஆம் நூற்றாண்டு, சாகாக்கள் சொல்லும் தூய கிளமெந்து ஆலயம்! மணலிலிருந்து எடுத்த ஓலாவின் உடலை முதலில் வைத்த இடம். பலிபீடம் நின்றதாகக் கருதப்படும் கல்மேடையும் கிடைத்தது. அலுவலகம் நின்றுபோகவில்லை, மேலே வேலை, கீழ்த்தளத்தில் ஆலயம் என்று இருவரும் இடம் பிரித்துக்கொண்டார்கள்.

ஒரு விதவையின் 140 அறைகள்

மறுபடி மேலே ஏறி மூச்சு விடுங்கள். சதுக்கத்துக்குப் பக்கத்தில் நீளமாக மஞ்சள் மாளிகை ஒன்று. ஸ்டிஃப்ட்ஸ்கோர்டன். 1774 முதல் 1778 வரை கட்டியவர் செசிலியே கிறிஸ்டினே ஷோலர், செல்வ விதவை. ஊரிலேயே பெரிய வீடு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற ஒற்றை வைராக்கியம். சுமார் 140 அறைகள்! அத்தனையும் மரம். வெளியே கல் கட்டடம் போன்ற தோரணை. தட்டினால் பலகைச் சத்தம். ஸ்காண்டிநேவியாவின் மிகப் பெரிய மரமாளிகைகளில் ஒன்று. 1800-இல் அரசாங்கம் வாங்கியது. ஊருக்கு அரசர் வந்தால் இன்றும் தங்குவது இங்கேதான். இத்தனை முறை எரிந்த ஊரில் இத்தனை பெரிய மரவீடு தப்பி நிற்கிறதே, அதுவே ஒரு அற்புதம். அம்மணி கொடுத்துவைத்தவர்!

காலைப் பிடித்துத் தள்ளும் சாலை

பாலத்தைத் தாண்டினால் பக்லாண்டே. சாய்ந்து நிற்கும் சின்னச் சின்ன மரவீடுகள், கல் பாவிய தெரு, ஜன்னலில் பூத்தொட்டி, காபி மணம். ஒரு காலத்தில் உழைப்பாளிகளின் குடியிருப்பு. 1960களில் அகலச் சாலை போடுவதற்காக இதை இடிக்கத் திட்டம் இருந்தது. குடியிருந்தவர்களும் மாணவர்களும் விடாமல் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. இன்று ஊரின் செல்லப்பிள்ளையே இந்தப் பேட்டைதான்.

இங்கிருந்து மேட்டில் சைக்கிள் மிதிப்பது உயிர் போகும் காரியம். 1993-இல் யார்லே வான்விக் என்ற உள்ளூர்க்காரர் தீர்வு கண்டார்: சைக்கிளுக்கு லிஃப்ட்! சாலையோரம் பதித்த தண்டவாளத்திலிருந்து ஒரு மிதிகட்டை எழும். இடது கால் பெடலில், வலது கால் கட்டையில். சொய்ங்ங்! 130 மீட்டர் மேட்டில் அந்தக் கட்டை உங்களைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். முழங்காலை வளைத்தால் விழுந்தீர்கள். காலை விறைப்பாக வைப்பதுதான் சூட்சுமம். புதியவர்கள் விழுவதை உள்ளூர்க்காரர்கள் காபி குடித்தபடி பார்த்து ரசிப்பதும் இந்த ஊரின் மரபுச் செல்வங்களில் சேர்த்திதான்.

எரியாத இடம்

கடைசியாக ஒரு அசிங்கமான கட்டடம். துறைமுகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கான்கிரீட் மலை: டோரா. இரண்டாம் உலகப் போரில் நார்வேயைப் பிடித்த ஜெர்மானியர்கள் நீர்மூழ்கிக் கப்பல்களை ஒளித்துவைக்க 1941-இல் கட்டத் தொடங்கியது. கூரை மட்டும் மூன்றரை மீட்டர் கனம். ஹிட்லருக்கு இந்த ஊர்மேல் ஒரு கண். தன் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பியரின் கையால் பக்கத்திலேயே புது ஜெர்மன் நகரம் எழுப்பும் திட்டமும் இருந்தது. நல்லவேளை, காகிதத்தோடு போனது.

போர் முடிந்தது. டோராவை என்ன செய்வது? வெடி வைத்தால் பக்கத்துத் தெருக்களும் சேர்ந்து போகும். சரி, இருந்து தொலையட்டும் என்று பயன்படுத்தத் தொடங்கினார்கள். உள்ளே பவுலிங் விளையாட்டுக்கூடம் வந்தது. பிறகு ஆவணக்காப்பகம்! நாட்டு ஆவணங்கள், நகர ஆவணங்கள், பல்கலைக்கழகத்தின் அரிய சேகரிப்புகள் எல்லாம் இப்போது டோராவுக்குள். ஈரம், வெப்பம் அளந்துவைத்த அறைகளில் ஊரின் பத்திரங்கள், வரைபடங்கள், கடிதங்கள் தூங்குகின்றன.

கூட்டிக் கழித்துப் பாருங்கள், கணக்கு அற்புதமாக இருக்கிறது. தீயால் தெரு அகலமானது, தீயால் நாணயச்சாலை வெளியே வந்தது, தீயால் பேராலயம் ஒன்றரை நூற்றாண்டாகக் கல்தச்சருக்கு வேலை கொடுக்கிறது. அவ்வளவும் அனுபவித்த ஊர், தன் ஜாதகக்கட்டை மட்டும் எந்தத் தீயும் நெருங்க முடியாத பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டது. பெட்டியைச் செய்து கொடுத்தவன் எதிரி. கூலியும் கேட்காமல் ஓடிவிட்டான்!